மூன்று மில்லிமீட்டர் பொறாமை

தெருவில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல், அதே சாணைக்கல், அதே ஜன்னல்.

அந்தக் கடையில் எழுத்து அட்டை என்று ஒன்று இருந்தது. புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்ப்பவர்கள் படிப்பதற்கு. கண்ணாடிக்காரர் வந்தபின் அந்த அட்டை எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. தான் அப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலகப் புத்தகத்தை விரித்து நீட்டிவிடுவார். தெளிவாகத் தெரிகிறது என்று சொன்னாலும் ஆளை விடமாட்டார். புத்தகம் எப்படி, எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் ஆசிரியர் கோட்டை விட்டார் என்று தன் கருத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் அனுப்புவார். ஒருமுறை ஒரு டீச்சரம்மா துப்பறியும் கதையின் ஒரு பக்கத்தை ஆசையாகப் படித்துக்கொண்டிருக்க, "தோட்டக்காரன்தாம்மா கொலை பண்ணினது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகிறார்.

தொழிலில் மட்டும் ஆள் சுத்தம். லென்ஸுக்கு ஒரு நடு உண்டு, அது கண்மணிக்கு நேரே வரவேண்டும், இரண்டு லென்ஸின் நடுவும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்பார். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் எழுத்து தெரியும், ஆனால் அரைமணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் ஆணி அடித்ததுபோல வலிக்கும். மற்ற கடைகளில் இதைக் கவனிப்பதே இல்லை என்று வீட்டில் தினமும் வசைபாடுவார். அவர் பொருத்திய கண்ணாடி ஒன்றுகூட அந்தக் குறையோடு திரும்பி வந்ததில்லை.

அந்த வசையையும் புத்தகக் கருத்தையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. அவள் படிப்பதில்லை. கேட்பாள். கல்யாணமான புதிதில் நடுவில் ஏதாவது சொல்லப் பார்த்திருக்கிறாள். "குறுக்க பேசாதே, விட்ட இடம் மறந்துடும்" என்பார். பிறகு அவள் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் சொல்லச் சொல்ல, கை ஏதோ வேலையில் இருக்க, தலை மட்டும் ஆடும். உலகத்தில் வேறு யார் கேட்காவிட்டாலும் அந்த ஒரு தலை தனக்காக ஆடுகிறது என்பதுதான் கண்ணாடிக்காரரின் சொத்து.

போன வருடம் மாடி காலியானது. மனைவியின் தங்கையும் அவள் கணவரும் குடிவந்தார்கள். சகலை மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். சாது. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைத் தவிர அவர் எதையும் படித்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் கீழ்வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுவது என்று ஏற்பாடாயிற்று. சாப்பிட்ட கையோடு கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தொண்டையைச் செருமினால், அந்த வாரத்துப் புத்தகம் ஆரம்பம். காது மூன்று ஜோடியானதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் கொடி நான்கு மாதம் பறந்தது. ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேஜையிலேயே பணக்காரர் ஒருவர் செத்துப்போகும் துப்பறியும் நாவலை அவர் அக்கக்காக விவரித்து, "கடைசிப் பக்கம் வரைக்கும் மூச்சு விட முடியலை, என்ன மூளை அந்த எழுத்தாளருக்கு" என்று முடித்தார். எதிரே சகலை தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டே வாய் திறந்தார்.

"அண்ணே, நானும் அதைப் பார்த்தேன். துப்பறியறவர் வீட்டுல எல்லாரையும் விசாரிக்கிறாரு. செத்தவர் சாப்பிட்ட தட்டைக் கழுவினவளை மட்டும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா மூணாம் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும்."

கண்ணாடிக்காரரின் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அவர் கருத்து எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. தலைதான் ஆட்டியிருக்கிறாள்.

"நீ எப்ப தம்பி படிச்சே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"மத்தியானம் கடை ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மூடிடுவாங்களே அண்ணே. நீங்க முடிச்ச புத்தகம் இங்க சும்மாதானே கிடக்குது."

தற்செயல் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் பனிமலைப் பயணக் கட்டுரை. நாற்பது நாள் நடந்து சிகரம் தொட்டவரின் துணிச்சலை அவர் புகழ்ந்து தள்ளினார். சகலை கூரையைப் பார்த்து ஒரு கணம் யோசித்துவிட்டு, "நாற்பது நாளும் மனுஷன் காலுக்கு என்ன ஆச்சுன்னு எழுதறாரு அண்ணே. மூட்டை தூக்கிட்டுப் பின்னால வந்த ஆளோட பேர் புத்தகத்துல எங்கயுமே இல்லை. சிகரத்துல எடுத்த போட்டோவை யாரு எடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார். பேய்க்கதைத் தொகுப்பு வந்தபோது, "எல்லாப் பேயும் பெரிய பங்களாவாப் பார்த்து வருது, ரெண்டு ரூம் வாடகை வீடுன்னா பேய்க்குக்கூட இளப்பம்" என்று ஒரு போடு போட்டார். மேஜையே அதிர்ந்தது. கண்ணாடிக்காரருக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கியதில் புரையேறியதுதான் மிச்சம்.

வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், வயிறு எரிந்தது. நாற்பது வருடமாகப் படிக்கிறவர் அவர். நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவன், போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்கிறான். அது அவர் ஒரு மணி நேரம் பேசியதை ஊதித் தள்ளிவிடுகிறது. அதைவிடக் கொடுமை, சகலை வாய் திறக்கும்போது மனைவியின் முகம். கன்னத்தில் கை வைத்து, உதடு லேசாக அசைய, அடுத்த சொல் எப்போது விழும் என்று காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பை எனக்கு ஏன் ஒருநாளும் தரவில்லை என்று கண்ணாடிக்காரர் சாணைக்கல்லிடம் கேட்டார். லென்ஸ் ஒன்று உடைந்தது.

சும்மா விடுகிற ஆளா? தடி தடியாக எடுத்தார். ஒரு மன்னரின் வரலாறு, அறுநூறு பக்கம், பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து முடித்தார். "அண்ணே, பதினோரு போர். ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் மன்னர் நிம்மதியாத் தூங்கினாருன்னு போட்டிருக்கு. அன்னிக்குத் தூங்காதவங்களைப் பத்தி ஒரு பக்கம் இருக்கான்னு தேடினேன்" என்றார் சகலை. அறுநூறு பக்கமும் வீண். அடுத்து, படித்த அன்றைக்கே புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் வேட்டு வைத்தவள் மனைவிதான். "ஏங்க, அந்தப் புத்தகத்தை அதுக்குள்ள ஏன் குடுத்துட்டீங்க? ஒரு வாரம் இருந்தா என்ன?"

"உனக்கு எதுக்கு?"

"மாடியில படிப்பாங்களேன்னுதான்."

அவன் படிக்கவில்லையே என்று இவளுக்குக் கவலை. 

கடைசிக் கத்தி ஒரு காதல் நாவல். இருநூறு கடிதங்களாலான கதை. கண்ணாடிக்காரர் உருகிப் பேசினார், இரண்டு மூன்று கடிதங்களை மனப்பாடமாகவே சொன்னார். சகலை எச்சில் விழுங்கினார். கண்ணாடிக்காரரின் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "கடிதம் எல்லாம் அழகுதான் அண்ணே. ஆனா இருநூறு கடிதத்துல ஒண்ணுலகூட அவன் அவளை ஒரு கேள்வி கேக்கலை."

இந்தத் தடவை மனைவி சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அமைதி சிரிப்பைவிட மோசமாக இருந்தது அவருக்கு.

மறுவாரம் சகலையே கடைக்கு வந்தார். இதுவரை போட்டது ரெடிமேட் கண்ணாடி, தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாராம். "நல்லதா ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே. உங்க கையால."

கண்ணாடிக்காரர் அளவெடுத்தார். பின்னறைக்குப் போனார். லென்ஸின் நடுவில் மைப்புள்ளி வைத்தார். இடது லென்ஸில் சரியான இடத்தில் வைத்தார். வலது லென்ஸில் கை நின்றது. பிறகு புள்ளியை அழித்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் மேலே வைத்தார். மூன்றே மில்லிமீட்டர். பார்த்தால் யாருக்கும் தெரியாது. மாட்டினால் எழுத்து பளிச்சென்று தெரியும். அரைமணி நேரத்துக்குமேல் படிக்கத்தான் முடியாது. கல்லில் லென்ஸைப் பிடித்தார். வேலை சுத்தமாக முடிந்தது. துணியால் துடைத்து, உறையில் போட்டு, சிரித்த முகத்தோடு கொடுத்தார்.

ஞாயிறு வந்தது. சகலையிடம் கருத்து இல்லை. "இந்த வாரம் படிக்க முடியலண்ணே" என்று டம்ளரை உருட்டினார். அதற்கடுத்த ஞாயிறும் அதே. கண்ணாடிக்காரர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். 'வெற்றிக்கு ஏழு வழி' என்று ஒரு புத்தகம். ஏழு வழியையும் விடாமல் சொன்னார். குறுக்கே ஓர் ஈகூடப் பறக்கவில்லை. மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலைகூட ஆடவில்லை. ஜெயித்த மிதப்பில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம், கடைக்குக் கிளம்பியவரை மாடிப்படியில் மைத்துனி நிறுத்தினாள்.

"மாமா, அக்காவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா என்ன? பதினஞ்சு நாளா தலைவலின்னு துடிக்கிறாங்க. புத்தகத்தைத் தொட்டாலே நெத்தியில ஆணி அடிக்கிற மாதிரி இருக்காம்."

"புத்தகமா? அவ எங்க படிக்கிறா?"

மைத்துனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி மறைத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டாள். "தினம் மத்தியானம் எங்க வீட்டுலதான். இவரு கண்ணாடியை வாங்கிப் போட்டுப் படிப்பாங்க. இவரு எங்க மாமா படிக்கிறாரு? நாலு பக்கம் புரட்டறதுக்குள்ள குறட்டை வந்துடும். அக்கா சொல்லிக் குடுக்கறதை ஞாயித்துக்கிழமை ஒப்பிக்கிறாரு. ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்குவாங்க, தப்பாச் சொல்லிடக் கூடாதுன்னு."

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார் கண்ணாடிக்காரர். கழுவப்பட்ட தட்டு, பெயரில்லாத மூட்டைக்காரன், வாடகை வீட்டுப் பேய், தூங்காதவர்கள், கேட்கப்படாத கேள்வி. எல்லாம் அவள். ஒரு சிரிப்புக்காகச் சகலைமேல் வயிறெரிந்தாரே, அவள் சிரித்தது தன் வார்த்தை மேஜையில் விழுந்த சந்தோஷத்தில். கொஞ்ச நேரத்துக்கு வெட்கம் அவரைத் தின்றது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், பொறாமை திரும்பி வந்தது. சகலை என்றால் பரவாயில்லை. இவள் தன்னைவிட நன்றாகப் படிக்கிறவள். பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

அன்று கடைக்குப் போகவில்லை. பையிலிருந்த அளவுகோலையும் சோதனை லென்ஸ்களையும் எடுத்து, மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்தார். ஊரில் பாதிப்பேரின் கண்மணி இடைவெளி அவருக்கு மனப்பாடம். இவளுடையது தெரியாது. ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர். படிக்க இரண்டு பவர் வேண்டும். நாற்பது வயதிலிருந்தே இவளுக்கு எழுத்து மங்கியிருக்கும்.

"ஏன் எங்கிட்ட ஒரு கண்ணாடி கேக்கலை?"

"கேட்டா செஞ்சிருப்பீங்க. அப்புறம் நானும் படிச்சிருப்பேன்." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "நான் படிச்சுட்டா நீங்க யாருக்குச் சொல்லுவீங்க?"

 சகலை வாயால் ஏன் சொல்லவைத்தாய் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார். அதற்கும் பதில் தெரிந்திருந்தது. அவள் சொன்னால் அவர் குறுக்கே பேசாதே என்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுக் கண்ணாடி மேஜைக்கு வந்தது. சகலையினுடையதையும் 'ஒரு சின்னத் திருத்தம்' என்று வாங்கிப்போய், லென்ஸை மாற்றிக் கொண்டுவந்திருந்தார். மனைவி தன் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். உடனே மாட்டவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அவர் பிடிப்பதுபோலவே ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு நடுவும் ஒரே மட்டத்துல இருக்கா?"

மாடிக்காரர்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. எழுத்து தெரியுது, நெத்திப்பொட்டுல வலிக்குதுன்னா என்ன அர்த்தம்? இருபத்திரண்டு வருஷமா நீங்கதானே தினம் சொல்றீங்க. நான் தலையை மட்டுமா ஆட்டிட்டு இருந்தேன்?"

"அப்புறம் ஏன் போட்டே?"

"நீங்களே வந்து சொல்றீங்களான்னு பார்த்தேன்."

அவர் தலை குனிந்தது. "பொறாமை" என்றார். அவ்வளவுதான் வந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவருடைய நாற்காலியை மேஜையிலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ளி, அதில் உட்கார்ந்தாள். 'வெற்றிக்கு ஏழு வழி' புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"ஏழு வழியும் தப்பு. ஏன்னு சொல்றேன், உக்காருங்க. குறுக்க பேசாதீங்க."

காலியாக இருந்தது அவள் வழக்கமாக உட்காரும் ஸ்டூல்தான். கண்ணாடிக்காரர் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே, இது எனக்குத் தோன்றவில்லையே என்று அவர் வயிறு எரியத் தொடங்கியது. எரிய எரியக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஆட ஆரம்பித்தது.