அடுப்பை எடுத்துவிடச் சொன்ன கிரேஸ் அக்கா

ரொஸ்னாவின் குரல் பதிவு வந்தபோது நான் நீதிமன்ற உணவகத்தில் தேநீருக்குக் காத்திருந்தேன். எதிர்வீட்டு ரொஸ்னா எப்போதும் வேகமாகப் பேசுகிறவர். அன்று மலாயில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். கிரேஸ் அக்கா காலையில் மருத்துவமனையில் இறந்துவிட்டார், மகன் ஆல்பர்ட் பினாங்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், கோப்பிக்குச் சாப்பாடு வைத்துவிட்டேன், நீ பதறாமல் வேலையை முடித்துவிட்டு வா. நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அன்று பிற்பகல் ஒரு சாட்சி சொன்னதையெல்லாம் வழக்கம்போல் மொழிபெயர்த்தேன். என்ன வழக்கு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் இருந்தவர்களுக்குக் கிரேஸ் அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரயில்வே பட்டறைத் தொழிலாளியின் மகள். அரசாங்க மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து, மகனும் வேலைக்காகப் பினாங்குக்குப் போன பிறகு தனியாக இருந்தார். தனியாக என்றால் கோப்பியோடு. கோப்பி அவருடைய பூனை. பால் கலக்காத கோப்பியின் நிறம், அதனால் அந்தப் பெயர். மழைநாளில் வாகன நிறுத்துமிடத்தில் கிடைத்த குட்டி அது.

அந்தத் தீ விபத்து எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். வயதான அம்மா தனியாகக் கேஸ் அடுப்பில் சமைக்கிறாரே என்று பயந்து ஆல்பர்ட் ஒரு மின்னடுப்பு வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். மேலே கண்ணாடி, விரலால் தொட்டால் சிவந்து எரியும். தொடுவது விரலா பாதமா என்று அதற்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிரேஸ் அக்கா பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் கோப்பி சமையல் மேடைமேல் ஏறி அந்த அடுப்பின்மேல் நடந்திருக்கிறது. அடுப்பின்மேல் காலி பிளாஸ்டிக் பேசின் ஒன்று இருந்தது. ரொஸ்னாதான் முதலில் நாற்றத்தை உணர்ந்தார். நான் ஓடி வரும்போது கதவிடுக்கு வழியாகக் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. ரொஸ்னாவின் கணவர் இரும்புக் கதவின் பூட்டை உடைத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, நடைபாதையில் மாட்டியிருந்த தீயணைப்பானால் அடித்து அணைத்தார். மேடைக்கு மேலிருந்த அலமாரி பாதி எரிந்துவிட்டது.

கோப்பி குளியலறையில், வாளிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. முன்காலின் அடிப்பாகம் வெந்து வெளுத்திருந்தது. நான் பற்பசை எடுக்க என் வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது கிரேஸ் அக்கா வந்திருந்தார். மீன் பையைத் தரையில் போட்டுவிட்டு, பூனையைத் துண்டில் சுற்றி, வெந்த காலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார். அது கையெல்லாம் கீறியது. விடவில்லை.

"பேஸ்டெல்லாம் வேணாம், வாசுகி. வெறும் தண்ணி. டாக்டரு இருக்காரான்னு ஃபோன் போட்டுக் கேளு" என்றார்.

எரிந்த சமையலறையை அவர் பார்த்தது கால்நடை மருத்துவரிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான்.

அடுத்த வாரம் குடியிருப்பாளர் கூட்டம் நடந்தது. தீ மேல்மாடிக்குப் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் மேல்வீட்டில் படுக்கையோடு கிடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நிர்வாகக் குழுச் செயலாளர் லிம், கட்டடத்தில் இருக்கிற எல்லாப் பூனைகளையும் வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். என் வேலையே பிறருக்காகப் பேசுவதுதானே, அக்காவுக்காக நானே பேசுகிறேன் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே எழுந்து மலாயில் பேசினார். தொலைபேசியில் பேசிப் பேசிப் பழகிய, ஏற்ற இறக்கமில்லாத குரல். அவர் சொன்னது இதுதான்: பூனைதான் அடுப்பை மூட்டியது, அது உண்மை. அடுப்பின்மேல் பிளாஸ்டிக்கை வைத்தது நான். சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்காமல் போனதும் நான். அடுத்த கூட்டம்வரை அவகாசம் கொடுங்கள். இன்னொரு முறை நடந்தால் பூனையோடு நானும் வீட்டைக் காலி செய்துவிடுகிறேன்.

அவகாசம் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில், இப்படி வாக்குக் கொடுத்துவிட்டீர்களே, பூனை சொன்னால் கேட்குமா என்று கேட்டேன். "கேக்காது. அதான் அதுகிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றார்.

மேடைமேல் ஏறும்போதெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், என் அக்கா வீட்டில் அப்படித்தான் பழக்கினார்கள் என்று நான் யோசனை சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"தண்ணி அடிச்சா என்னா கத்துக்கும்? நான் இருக்கறப்போ ஏறக்கூடாதுன்னு கத்துக்கும். அடுப்பு பத்துனது நான் இல்லாதப்பதானே?"

பிறகு அவர் செய்ததெல்லாம் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது எப்போது ஏறுகிறது, ஏறி என்ன செய்கிறது என்று பார்த்தார். சொட்டும் குழாயில் தண்ணீர் நக்கப் போகிறது என்று தெரிந்ததும் குழாயைச் சரிசெய்து, கூடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். மேடைக்கு மேலிருந்த சன்னலில் வந்து உட்காரும் புறாக்களைப் பார்க்கவும் அது ஏறியது. அந்தச் சன்னலின் கீழ்ப்பாதியில் தாளை ஒட்டி மறைத்தார். மீன் கழுவும்போது ஏறியதால், மீனைத் தொடுவதற்கு முன்பே அதற்குச் சாப்பாடு கொடுத்துவிடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். இவ்வளவுக்குப் பிறகும் ஏறியது. அவருக்கு அது புரியவே இல்லை. ஒருநாள் ரொஸ்னாதான் போகிற போக்கில் சொன்னார்: நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத்தான் ஏறுகிறது, வேறொன்றுமில்லை. அன்றே தச்சரை வரவழைத்தார் கிரேஸ் அக்கா. குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில், அடுப்பிலிருந்து எட்டி, தலை உயரத்துக்கு ஒரு பலகை அடித்தார்கள். நெத்திலி அந்தப் பலகையில் மட்டும்தான் கிடைக்கும். மேடையில் கோப்பியைப் பார்த்தால் அவர் அதட்டுவதில்லை, பேசுவதுகூட இல்லை. தூக்கிப் பலகையில் வைப்பார். அது உட்கார்ந்தால் ஒரு நெத்திலி. சமைத்து முடித்ததும் சூடாக இருக்கும் அடுப்பின்மேல் ஒரு சட்டி நிறையத் தண்ணீர். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சுவர் சுவிட்ச் அணைந்திருக்கும்.

இதெல்லாம் உடனே பலித்துவிடவில்லை. கிடைத்த அவகாசத்தில் பாதி நாள் வெந்த காலைத் தூக்கிக்கொண்டே அது மேடைமேல் தாவியது. எனக்கே கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை, அல்லது வந்ததைக் காட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முந்திய நாள் லிம்மை வீட்டுக்கு அழைத்தார். நானும் ரொஸ்னாவும் இருந்தோம். கிரேஸ் அக்கா லிம்முக்கு முன்னால் கெம்போங் மீனைக் கழுவினார், வறுத்தார், தட்டில் வைத்து மேடையிலேயே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். கோப்பி பலகையிலேயே இருந்தது. ஒருமுறை எழுந்து நின்று, மீனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது. லிம் அந்த மீனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். தீர்மானம் கைவிடப்பட்டது. பூனை வைத்திருக்கிற வீடுகளில் வெளியே போகும்போது அடுப்பின் மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்று மட்டும் ஒரு விதி வந்தது.

பிறகு மேரு என்ற ஊரில் இருந்த லிம்மின் தங்கை, தன் வீட்டுப் பூனையைப் பற்றிக் கேட்க கிரேஸ் அக்காவுக்குத் தொலைபேசினாள். அவள் சொல்லி வேறு யாரோ, அவர்கள் சொல்லி இன்னும் யாரோ. அக்கா எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: நீங்கள் சமைக்கும்போது பூனை எங்கே இருக்கிறது? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டு நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிடுவார்.

கிள்ளானில் என் அக்கா மகளின் கல்யாணத்தன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்யாணம் கோயிலில், விருந்துக்கான சமையல் வீட்டின் பின்கட்டில். கிரேஸ் அக்காவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே எங்களோடு வந்திருந்தார். எண்ணெய்ச் சட்டியை ஏற்றப்போகிற நேரத்தில், அடுப்புக்குப் பின்னால் அடுக்கியிருந்த பலகைகளுக்கு நடுவே தெருப்பூனை ஒன்று குட்டி போட்டிருப்பதைச் சமையல்காரர் பார்த்துவிட்டார். தாய்ப்பூனை சீறிக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் இது ஓடினால் என் ஆட்களுக்கு ஆபத்து என்றார் அவர். அதுவும் சரிதான். சாக்கில் கட்டிப் பாசாரில் விட்டுவிடலாம் என்று யாரோ சாக்குத் தேடப் போனார்கள்.

கிரேஸ் அக்கா ஒரு அட்டைப்பெட்டியில் துணியை விரித்து, குட்டிகளை எடுத்து வைத்து, பெட்டியைத் தாய்ப்பூனையின் கண்ணெதிரே தரையோடு தள்ளிக்கொண்டு போனார். தாய் பின்னாலேயே போனது. வீட்டுக்குள் இருந்த சின்னக் குளியலறையில் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்தினார். எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினோம். வண்டியில் ஏறச் சொன்னபோது அவர் வரவில்லை.

"நான் போய்ட்டா எவனாவது மொகம் கழுவக் கதவ தொறப்பான். அது நேரா அடுப்புகிட்டதான் ஓடும். நீங்க போங்க, தாலி கட்டுறத வீடியோல பாத்துக்கறேன் லா."

திரும்பி வந்தபோது அவர் குளியலறைக் கதவில் சாய்ந்தபடி, நாற்காலியில் பட்டுப்புடவையோடு தூங்கிக்கொண்டிருந்தார். என் அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அழைத்த விருந்தாளி தாலி கட்டுவதைப் பார்க்கவில்லையே என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் குட்டிகளில் ஒன்றை அவளே வைத்துக்கொண்டாள்.

கடைசி இரண்டு வருடங்களில் அவருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள், பிறகு கிழமைகள். ஆல்பர்ட் பினாங்குக்கு வரச் சொன்னான். அவனுடைய கொண்டோ அடுக்குமாடியில் பூனைக்கு அனுமதியில்லை, அதனால் இவர் போகவில்லை. அம்மாவும் மகனும் தொலைபேசியில் இதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அவனையும் குறை சொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். புடவை மாற்றி, தலை வாரி, பூசைக்குப் போகிறவர்போல் வந்திருந்தார்.

"வாசுகி, என் அடுப்ப எடுத்துட்டுப் போயிடு" என்றார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். முந்திய நாள் குழம்பை ஏற்றிவிட்டு மறந்து கீழே கடைக்குப் போய்விட்டாராம். திரும்பி வந்தபோது சட்டி கருகியிருந்தது. கோப்பி சன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு இருமியபடி நின்றிருந்தது.

"அன்னிக்கு அது தெரியாம ஏறுச்சு, நான் பலக அடிச்சேன். இப்ப மறக்கறது நான். எனக்கு யாரு பலக அடிக்கறது? ஏதாச்சும் ஆனா நான் கதவ தொறந்து ஓடிடுவேன். அதுக்குத் தொறக்கத் தெரியாது."

நானும் ரொஸ்னாவும் சுவிட்சை நாங்களே வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நண்டுக் குழம்பும் காரமான டெவல் கறியும் வைப்பதில் எங்கள் மாடியில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்குவது அவர் வீட்டு வாசனையை வைத்தே தெரியும். அப்படிப்பட்டவர் தன் அடுப்பின் மின்கம்பியைத் தானே பிடுங்கி, துடைத்து, என் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு நடைபாதையைக் கடக்கும்போது நான் அழுதேன். அவர் அழவில்லை. கதவருகே நின்று, கண்ணாடி கீழே இடிக்காமல் பார்த்துத் தூக்கு என்றார்.

அன்று முதல் மதியச் சாப்பாடு ரொஸ்னா வீட்டிலிருந்து, இரவுச் சாப்பாடு என் வீட்டிலிருந்து. ரொஸ்னாவின் அசாம் பெடாஸ் மீன் குழம்பில் புளி போதாது என்பார். என் ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், மீதி வைத்துவிடுவார். சில நாள் என் பெயர் அவருக்கு வராது. கோப்பியின் பெயர் மட்டும் கடைசிவரை வந்தது. நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தபோது, அவருடைய இளமையெல்லாம் கழிந்த அதே மருத்துவமனை என்று எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. தாதி ஒருத்தி தொலைபேசியை எடுக்கத் தாமதித்தபோது, அதை எடும்மா, யாருக்கு என்ன அவசரமோ என்று படுக்கையிலிருந்தே சொன்னார். நான் கேட்ட அவருடைய கடைசி வாக்கியம் அதுதான்.

அடக்கம் முடிந்ததும் ஆல்பர்ட் என்னிடம் வந்து நின்றான். கேட்க வந்ததை அவனால் கேட்க முடியவில்லை. ரொஸ்னாவின் பேரனுக்கு ஆஸ்துமா, பூனை முடி ஆகாது. கோப்பியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று நானே சொன்னேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் கோப்பியை நான் மடியில் வைத்துக்கொண்டதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வந்த முதல் வாரம் அது சோபாவுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, மேடைமேல் தாவி என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. துக்கத்தில் இருக்கிற ஜீவன், விட்டுவிடேன் என்றார் கணவர். வாணலியில் எண்ணெய் சூடாகிக்கொண்டிருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கினேன். நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது. தூக்கிய பிறகுதான் என் சமையலறையில் அதை வைக்க ஓர் இடம் இல்லை என்பது உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, பூனையைக் கையில் வைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூனைகளைப் பிடிக்கும் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. கிரேஸ் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான், இதற்கு ஓர் இடம் வேண்டும். கணவர் அளக்கும் டேப்பை எடுத்து வந்து, பலகையை எவ்வளவு உயரத்தில் அடிக்கணும் என்று கேட்டார்.