ஸ்டெல்லா கேட்ட இன்னொரு சாயம்

போன வாரம் கொல்லங்கோட்டில் என் கிளினிக்கில் ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. “அக்கா தவறிட்டாங்க சார். நெஞ்சுவலி,” என்றார் டாக்டர் ஸ்டெல்லாவின் தம்பி, வண்டன்மேட்டிலிருந்து. பல்லை எடுத்தேன், பஞ்சு வைத்தேன், மருந்து எழுதினேன். எல்லாம் வேறு யாரோ செய்வது போலிருந்தது. சன்னலுக்கு வெளியே வயல் அதன்பாட்டுக்குப் பச்சையாகக் கிடந்தது. எனக்கு அதன்மேல் கோபம் வந்தது.

ஸ்டெல்லாவை அறிந்த உங்களுக்கு அவர் அறை நினைவிருக்கும். பல வருஷம் ஒரே பல் மருத்துவமனையில் வேலை பார்த்தோம். தாடையிலிருந்து நான் வெட்டி எடுப்பதை மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, இன்ன நோய் என்று சொல்பவர் அவர். திரைச்சீலையை இழுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டால் கூப்பிட்டாலும் கேட்காது. “மொதல்ல பாருங்க. பேரு பெறகு சொல்லுதேன்,” என்பார். உள்ளே ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு தேசம் விரிந்திருக்கும். அதில் வழி தெரியாமல் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

நல்லேப்பிள்ளி சுமதிக்குக் கீழ்த்தாடையில் நீர்க்கட்டி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “ஏனுங்க, சாதாக் கட்டின்னு எழுதிக் குடுத்துப்போடுங்க. மாப்பிள்ளை ஊட்டுல கேக்கறாங்க,” என்றார் அவள் அப்பா. சோதனைக்கு நான் எடுத்த துண்டு, கட்டியில் ஏற்கெனவே சீழ்பிடித்துப் புண்ணாகியிருந்த பகுதி. வழக்கமான சாயத்தில் சாதாக் கட்டியாகவே தெரிந்தது. ஸ்டெல்லா கையெழுத்துப் போடவில்லை.

“புண்ணுல கட்டியோட சொந்த முகம் அழிஞ்சிரும். இன்னொரு சாயம் போட்டுப் பாப்போம்.”

“கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சுங்க,” என்றேன்.

“கட்டிகிட்ட கேட்டுட்டா குறிச்சீக?”

பிறகொரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். செஞ்சாயம் ஏற்றிய ஸ்லைடு. அதற்கென்று இருக்கும் தனி வெளிச்சத்தில் திருப்பத் திருப்ப, இருட்டுக்குள்ளிருந்து நார்கள் செம்மஞ்சளாக எரிந்து எழுந்தன. அடேயப்பா, என்ன அழகு! சாதாக் கட்டியென்றால் பெரும்பாலும் பச்சை கலந்த மஞ்சளாக வரும். “இது சாட்சிதான். தீர்ப்பு இல்ல,” என்று மீதித் திசுவையும் சீவிப் பார்த்தார். புண்படாத ஓரம் ஒன்று கிடைத்தது. அதில் சந்தேகம் தீர்ந்தது: முழுக்க எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வளர்ந்து தாடையைத் தின்னும் வகை. கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். பெரிய அறுவையாகவே செய்தேன். இன்றுவரை கட்டி திரும்பவில்லை.

வண்டன்மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரே மூடுபனி. யார் முகமும் தெரியவில்லை. ஒரு ரிப்போர்ட்டை அவசரமாக நம்பப் போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு தயக்கம் வருகிறதே, அது ஸ்டெல்லா கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

பெட்டியை இறக்கும்போது ஒரு பெண் கதறினாள். கிட்டே போனேன். சுமதி. கணவனோடு மலையேறி வந்திருந்தாள். தாடை கோணாமல், வாய் முழுக்கத் திறந்து அழுதாள்.