சர்க்கரை டப்பாவின் கடைசிப் பதிவு

அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பது அவருடைய வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, பல் செட்டாக்கி அனுப்புவார். இருபத்தேழு வருடமாக அதே லேப், அதே மேசை, அதே ஜன்னல். அந்த ஜன்னல் விளிம்பில் போய்வந்த எறும்புகளைப் பார்த்துத்தான் அவருக்குப் பித்துப் பிடித்தது. லேபில் எல்லோருக்கும் அவர் எறும்பு சார்.

எறும்புகளுக்காக அவர் ஒரு இணையதளம் நடத்திவந்தார். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பிடித்த பக்கங்களின் மூல நிரலைத் திறந்து, எந்த வரியை எடுத்தால் எது சரிந்து விழுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அப்படிக் கற்றவர்களுக்கு ஒரு காரியம் நடக்கிறது என்பது தெரியும், ஏன் நடக்கிறது என்பது தெரியாது. நடக்கிறவரை அந்தக் குறை யாருக்கும் உறைப்பதில்லை. தளம் அழகானது என்று சொல்ல முடியாது. பழுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து, கண் கூசும். ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், அன்றைக்கு வெயிலா மழையா என்பதுவரை இருக்கும். நேர்மையான தளம். அவ்வளவு சொல்லலாம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வருகைப் பதிவேடு. வருகிறவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டு, வேண்டுமானால் ஒரு படமும் ஒட்டிவிட்டுப் போகலாம். அவர் உயிர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

மனைவி பிரிந்துபோனபோது, யாரோடு இருக்கப்போகிறாய் என்று கேட்டார்கள். ஒன்பது வயது மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததைப் பெருந்தன்மை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்கள் நாடு மாறிப் போனார்கள். கையிலிருந்த ஃபோன் எண் செத்துப்போயிற்று.

ஆறு வருடம் கழித்து, சர்க்கரை டப்பா என்ற பெயரில் பதிவேட்டில் ஒரு குறிப்பு வந்தது. “எங்க வீட்டு சர்க்கரை டப்பா மேலயும் இந்தக் கறுப்பு எறும்பு வரும். எங்கப்பா அதுங்களை எண்ணிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.”

எண்ணிவிட்டுத் திறந்தவர் இவர்தான். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து பதில் போட்டார்: “அது கறுப்பு அல்ல, அடர் பழுப்பு. வருகைக்கு நன்றி.” கண்டுகொண்டோம் என்று தெரிந்தால் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்திலேயே எட்டு வருடம் ஓடியது. அவளிடமிருந்து நாற்பது பதிவுகள், இவரிடமிருந்து நாற்பது பதில்கள்.

இந்த நிலையில், தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த நிறுவனம் மாதக் கடைசியோடு கடையை மூடுவதாக அறிவித்தது. அவர் வேறிடம் பார்த்தார். பழைய தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் புது முகவரியைப் போட்டுவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தார். அப்போது அவர் எழுதிவைத்திருந்த சிறு நிரலிலிருந்து மின்னஞ்சல் வந்தது: “சர்க்கரை டப்பா எழுதியிருக்கிறார்.” எழுதியது என்ன என்பதை அது சொல்லாது. பக்கத்துக்குப் போய்ப் படிக்கிற சுகத்துக்காக அவர்தான் அப்படி அமைத்திருந்தார். வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று நினைத்தார்.

வீட்டுக் கணினியில் இருப்பதுபோலவே தளத்தையும் ஆக்கிவிடும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தார். இங்கே இல்லாத கோப்பு அங்கே இருந்தால், அதற்கு அது குப்பை, அழித்துவிடும். பதிவேடோ அங்கே மட்டும் இருப்பது. வருகிறவர்கள் எழுத எழுத அங்கேயே வளர்வது. அதை மட்டும் தொடாதே என்று மென்பொருளுக்கு என்றோ சொல்லிவைத்திருந்தார். சொன்னது பழைய கணினியில். இது போன மாதம் வாங்கிய புதியது.

பொத்தானை அழுத்தினார். திரையில் வரிகள் ஓடின. நடுவில் ஒரு வரி மட்டும் சிவப்பாக ஓடியது: பதிவேடு, நீக்கப்பட்டது. பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் லேபில், பீங்கான் பல் செய்யும் அக்கா அவர் மேசையை எட்டிப் பார்த்தார்.

“என்ன எறும்பு சார், கடைவாய்ப் பல்லைக் கொண்டாந்து முன்னாடி நிறுத்திட்டீங்க? இதைப் போட்டுக்கிட்டு அந்த மனுஷன் சிரிச்சா பேரப்பிள்ளைங்க ஓடிடும்.”

அவர் சொன்னார். இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக, எல்லாவற்றையும்.

“பொண்ணுன்னு தெரிஞ்சும் எட்டு வருஷமா எறும்புக் கதையே பேசிட்டிருந்தீங்களா?”

“அவளும் அதைத்தானேக்கா பேசினா.”

“ஆமா, எறும்பைப் பாக்கத்தான் கடல் தாண்டி வந்தா பாருங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்.”

“கம்பெனிக்கு எழுதியிருக்கேன். அவங்ககிட்ட நகல் இருக்கும்.”

“இல்லேன்னா?”

அவர் கடைவாய்ப் பல்லை மெழுகிலிருந்து பிடுங்கினார்.

புதன்கிழமை பதில் வந்தது. இலவச வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்கு நகல் எடுக்கும் வழக்கம் இல்லையாம். பழைய கணினியைத் தூசி தட்டிக் கிளறினார். கிடைத்தது ஒரே ஒரு கோப்பு. பதில்களை முதலில் அங்கே எழுதித் திருத்திய பிறகுதான் பதிவேட்டில் போடுவார். நாற்பது பதில்களும் வரிசையாக இருந்தன. படித்தார்.

“படம் தெளிவில்லை. அடுத்த முறை பக்கவாட்டில் எடுக்கவும்.” அன்று அவள் கை ஒடிந்து கட்டுப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாள். “பரீட்சை முடிவுக்கும் எறும்புக்கும் தொடர்பில்லை. ஆயினும் வருத்தம்.” “புது வீட்டில் எறும்பு இல்லை என்பது நம்பும்படி இல்லை. சமையலறையில் தேடவும்.” அந்தப் புது வீடு எது, அவள் மட்டுமா போனாள், ஏன் போனாள்? என்ன எழுதியிருந்தாள் என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். ஒரு வாக்கியமும் முழுதாக எழுந்து வரவில்லை. அவள் சொற்களை ஞாயிற்றுக்கிழமைதான் தொலைத்தோம் என்று மூன்று நாளாக நொந்துகொண்டிருந்தார். அவை வந்த அன்றன்றே தொலைந்திருந்தன.

புது முகவரியில் வெறும் பதிவேடு காத்திருந்தது. “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்று தொடங்கினார். அழித்தார். பிறகு, திருத்துவதற்கு வேறு கோப்பு எதுவும் திறக்காமல், நேராக அங்கேயே எழுதினார்: “கோளாறு எதுவும் இல்ல. நான்தான் பாத்துச் செய்யாம அழிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை நீ எழுதினதைப் படிக்கவே இல்லம்மா. என்ன எழுதியிருந்த? – அப்பா.”

பழைய முகவரி மூடப்படுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் அவள் அங்கே வந்தால்தான் புது முகவரி அவள் கண்ணில் படும். லேபில் மணிக்கொருமுறை ஃபோனை எடுத்தார். அக்கா கேலி செய்வதை விட்டுவிட்டார். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசிநாள் மதியம் புதுப் பதிவேட்டில் அவள் பதிவு வந்தது.

“என்னை உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் முதல்ல இருந்தே தெரியும்ப்பா. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். அன்னைக்கு எழுதினது அவ்வளவு முக்கியமில்ல. இப்ப மறுபடி எழுத வரல. விடுங்க.”

அவர் கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பிளாஸ்டர் ஒட்டிய விரலாலேயே தட்டினார்: “முக்கியமில்லாததாவே இருக்கட்டும். அதைச் சொல்லும்மா.”

பழைய முகவரி மறுநாள் மூடப்பட்டது. புதுப் பதிவேட்டில் இப்போது மூன்று பதிவுகள் இருக்கின்றன. மூன்று வாரமாகிறது. நான்காவது இன்னும் வரவில்லை.