பிளவக்கல் போகும் நாற்காலி பஸ்

ஸ்கெட்ச் பேனாவின் வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஒளி ஊடுருவும் உறைக்குள் வரிசையாக நிற்கும் அந்தப் பேனாக்களில் சிவப்புக்கு ஒரு பழ வாசனை உண்டு, மஞ்சளுக்கு வேறொன்று. என் தங்கச்சி கலாவுக்கு நாங்கள் போன கோடை லீவு இங்கிலீஷ் முகாமில் எப்படியோ தினமும் சிவப்புதான் வந்து சேரும். மத்தியானம் வீட்டுக்கு வந்தும் கை கழுவாமல், விரலை மோந்து பார்த்துக்கொண்டே தயிர்ச்சோறு தின்பாள். எனக்கு வாய்த்தது பச்சை, அதில் வாசனையே கிடையாது. சோறு தின்னும் ஒரு குழந்தையின் விரலைப் பார்த்து இப்படி வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும். அந்தக் கோடையில் எனக்குத் தினமும் எரிந்தது.

நாங்கள் ராஜபாளையத்துப் பிள்ளைகள். அம்மா நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தாள். அப்பா அதற்கு முந்தின வருஷம் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், அம்மா வாசலில் நின்று "தூரமா?" என்று கேட்டாள், அவர் "செத்த தூரந்தான்" என்றார், அதோடு வரவில்லை. தேடவேண்டிய இடத்தில் எல்லாம் தேடிவிட்டு அம்மா மறுபடியும் ஷிப்டுக்குப் போனாள். முழுப் பரீட்சை முடிந்ததும் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மாமா அம்மாவின் அண்ணன், அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை, ஒரு பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை. அதிகாலையிலேயே சைக்கிளில் வன்னியம்பட்டிப் பக்கம் போய்ப் பால் பார்த்துவிட்டு வந்து, மாலை வரை கொப்பரை முன்னால் நிற்பார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் தீய்ந்த பாலின் வாடையும் கூடவே நுழையும்.

மாமா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எங்களை எதிரே வைத்துக்கொண்டே சொன்னார்.

"இங்கன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல ஒண்ண நான் சேத்துவிடுதேன். ரெண்டத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. சர்ச்சு வளாகத்துல லீவுக்கு இங்கிலீஷ் கேம்ப் போடுதாவளாம், ரெண்டும் போவட்டும். எதுக்கு வாயில இங்கிலீஷ் வருதோ அது எங்கூட இருக்கட்டும். மத்தது உங்கூட."

"மத்தது" என்று அவர் சொன்னபோது கலாவைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. மூத்தவன், ஆம்பிளைப் பிள்ளை, எனக்குத்தான் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். கலா என்னைவிட ஒரு வகுப்பு கீழே, முன்பல் விழுந்தவள்.

முகாமை நடத்தியவர்கள் கல்லூரிப் பெண்கள். அவர்களில் எங்கள் குழுவுக்கு வந்தது பிரின்சி அக்கா, பாளையங்கோட்டைப் பக்கம், வெயிலில் மூக்கு சிவந்துபோகிற நிறம். அவர் கரும்பலகையைத் தொடவே இல்லை. பந்தைத் தூக்கிப் போடுவார், பிடித்தவன் கண்ணில் படுகிற ஒரு சாமானுக்கு இங்கிலீஷ் பேர் சொல்லவேண்டும். தலையைத் தொடு, காலைத் தொடு என்று வேகவேகமாகக் கட்டளையிடுவார், தப்பாய்த் தொட்டவன் தவளை போலக் குதிக்கவேண்டும். அட்டையில் காய்கறி வரைந்து கடை போடச் சொல்வார், பேரம் பேசுவதும் இங்கிலீஷில்தான். எங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்பது கொட்டு வாங்கும் பாடம். இங்கே அது குதிக்கிற பாடமாக இருந்தது.

அந்த விளையாட்டுகளில் ஒன்றே ஒன்று என்னுடையது. நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டால் அது பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பி, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை வரை போகும். நான்தான் கண்டக்டர். தோளில் துணிப்பை, வாயில் விசில், கையில் கலர்த்தாளைக் கிழித்துச் செய்த டிக்கெட். ஒவ்வொரு நாற்காலியாகப் போய் "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்கவேண்டும், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொன்னால்தான் டிக்கெட். பஸ்ஸில் போவது என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. கம்பியில் சாய்ந்து நிற்பதும், ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் டயரைப் பார்ப்பதும் அப்படியே வரும். "ஏலே, நெசக் கண்டக்டரே தோத்தான்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். பிரின்சி அக்கா என்னை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். கலா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பல் விழுந்த வாயால் "பிளவக்கல்" என்று மட்டும் சொல்லி டிக்கெட் வாங்கிக்கொள்வாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைப்பாள்.

இனிமேல் நான் சொல்லப்போவது புரியவேண்டுமானால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று தெரியவேண்டும். வெளியே கிளம்புகிறவரை "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தெரியாத்தனமாக யாராவது "எங்கே" என்று கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்குவார். மாமா இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பாலோடு புழங்குகிறவர், எது திரிந்தாலும் காரணம் தேடுவார்.

முகாமின் நடுவில் ஒரு நாள் விடியக்காலை, தூக்கக் கலக்கத்தில், சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்த மாமாவிடம், "எங்க போறிய மாமா?" என்று கேட்டுவிட்டேன். நாளெல்லாம் அந்தக் கேள்வியைத்தானே இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தேன், வாய் பழகிப்போயிருந்தது. அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கொப்பரைப் பால் திரிந்துவிட்டது. சாயங்காலம் வந்தவர் என் முதுகில் இரண்டு வைத்தார்.

"கெளம்புதவன எங்கன்னு கேக்காதன்னு எம்புட்டுத் தடவ சொல்லுதது? ஒங்கப்பனப் போல ஒரு எழவும் தெரியாம வளந்து கெடக்கு."

அடி வலிக்கவில்லை. அப்பாவை இழுத்ததுதான் வலித்தது. கலா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

முகாமின் நிறைவு நாளுக்கு வீட்டார்களை அழைத்திருந்தார்கள். அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து வந்தாள். மாமா சலவை வேட்டி, சந்தனப் பொட்டோடு வந்திருந்தார். சொந்தமாக ஒரு அடுப்புப் போட இடம் பார்த்து வைத்திருந்தார், விழா முடிந்த கையோடு இடத்துக்காரரிடம் பேசப் போகவேண்டும். பல வருஷத்து ஆசை அது. காலையிலேயே அத்தை எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு மாமா முன்னால வாயத் தெறக்காதிய, முக்கியமா அந்தச் சொல்லு" என்று எச்சரித்திருந்தாள்.

பஸ் கிளம்பியது. விசில் ஊதினேன். கிருஷ்ணன்கோவில் வரை பிள்ளைகளுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தாகிவிட்டது, கூடம் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது பிரின்சி அக்கா ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார். "அடுத்த ஸ்டாப்புல பெரியவங்க ஏறப்போறாங்க!" என்று அறிவித்துவிட்டு, முன்வரிசையில் இருந்தவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்து காலி நாற்காலிகளில் உட்காரவைத்தார். அதில் முதல் ஆள் என் மாமா.

அவர் கூச்சத்தோடு உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் டிக்கெட்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, "வேர்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. சந்தனப் பொட்டு கண்ணில் பட்டது, திரிந்த பால் நினைவில் பட்டது. பல வருஷத்து ஆசையோடு கிளம்பி உட்கார்ந்திருக்கிற மனிதரை எப்படிக் கேட்பது? பிரின்சி அக்கா தூண்டிவிட்டார், "கேளு தம்பி, வேர் ஆர்..." நான் வாயைத் திறந்தேன்.

"தூரமா மாமா?"

கூடமே சிரித்தது. யாரோ ஒரு அப்பா, "கண்டக்டர் தமிழ்நாட்டுக்கு வந்துட்டாரு!" என்று கத்தினார். மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "இத்தன நாளா இதத்தான் படிச்சியாலே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அப்போது பின்னாலிருந்து கலா எழுந்து வந்தாள். என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, மாமாவின் மூக்குக்கு நேராக நின்று, "அங்கிள், வேர் ஆர் யூ கோயிங்?" என்றாள், ஒரு சொல் பிசகாமல். மாமா ஒரு கணம் திகைத்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டா பாருய்யா! தொரைச்சானி மாதிரி கேட்டா பாரு!" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். "பிளவக்கல் தாயி" என்று டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தை பயந்துபோய்க் கேட்டாள். "பிள்ள எங்கன்னு கேட்டுட்டாளே, செத்த இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போறியளா?"

"போடி கிறுக்கி. தமிழ்ல கேட்டாத்தான் சகுனம் தட்டும். இங்கிலீஷ்ல கேட்டது எந்தப் பல்லிக்குப் புரியப்போவுது?"

அன்று மாலை இடம் படிந்துவிட்டது. மாமா திரும்பி வந்து, கலாவின் வாய்ராசி என்று ஊரெல்லாம் சொன்னார். யார் அவர் கூட இருப்பது என்பதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவே இல்லை. கலாவின் துணிகள் மாமா வீட்டுக் கொடியிலேயே காய்ந்தன. நானும் அம்மாவும் இருட்டுவதற்குள் ராஜபாளையம் பஸ் ஏறினோம். நிஜக் கண்டக்டர் வந்து நின்றபோது நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "நீ மாமாவுக்கு நல்லதத்தான் நெனச்ச. எனக்குத் தெரியும்."

தெரிந்து என்ன ஆகப்போகிறது? கலாவுக்கு டை வந்தது, ஷூ வந்தது. லீவுக்கு ராஜபாளையம் வந்தால் தூக்கத்தில் இங்கிலீஷ் பேசினாள். நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. பஞ்சு லாரியில் கிளீனராகப் போனேன், கேரளத்தில் ஓட்டலில் இலை எடுத்தேன், போர்வெல் வண்டியோடு ஆந்திரம், மராட்டியம் என்று சுற்றினேன். போன இடத்துப் பாஷை எல்லாம் ஒட்டிக்கொண்டது, எதற்கும் முகாம் தேவைப்படவில்லை. ஒரு ஊரில் ஒரு வருஷம் இருந்தால் கால் அரிக்கும், மறு ஊர். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று "தூரமா?" என்பாள். "ஆமாம்மா" என்பேன். அவள் அதற்கு மேல் கேட்கமாட்டாள். அம்மா இப்போது இல்லை, அந்தச் சொல்லும் இல்லை. இப்போது யாரும் தூரமா என்று கேட்பதில்லை. போனில் "எங்க இருக்க, லொக்கேஷன் போடு" என்கிறார்கள். கிளம்புகிறவனை வாசலிலேயே வைத்து எங்கே என்று கேட்கிறார்கள், அவனும் பைக்கை நிறுத்தாமலே பதில் சொல்லிவிட்டுப் போகிறான். தண்ணீர் குடிக்க யாரும் திரும்பி வருவதில்லை.

கலா இப்போது டீச்சர். ராஜபாளையத்தில் வீடு, கோடை லீவுக்கு வீட்டு முற்றத்தில் ஷாமியானா போட்டு முகாம் நடத்துகிறாள். இந்த மே மாதம் ஊர்ப்பக்கம் வந்தவன் அவளைப் பார்க்கப் போனேன். பந்து பறந்தது, தவளைகள் குதித்தன. பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டிரண்டாகக் கிடந்தன, அதே பிளவக்கல் பஸ். "மாமா, நீங்களும் ஏறுங்க" என்று பிள்ளைகள் என்னை இழுத்து உட்காரவைத்தார்கள். கண்டக்டர் ஒரு பொடிப்பெண், இரட்டைச் சடை. "வேர் ஆர் யூ கோயிங்?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வேலை முடிந்து வந்திருந்தேன், அடுத்தது எங்கே என்று முடிவாகவில்லை.

தூரம் என்பதை இங்கிலீஷில், "ஃபார்" என்றேன்.

"அப்பிடி ஒரு ஸ்டாப் இல்ல. எறங்குங்க" என்று விசில் ஊதிவிட்டாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், கலா சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவே அவள் நின்ற தோரணையையும், அவள் கை உயர்ந்தால் அத்தனை பிள்ளைகளும் அடங்குவதையும் பார்த்தபோது, பழைய எரிச்சல் அதே இடத்தில் அப்படியே இருந்தது. காலம் ஆற்றிவிடும் என்பதெல்லாம் எனக்கு நடக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்திருப்பேன். பின்னாலிருந்து அவள் குரல், டீச்சர் குரல் இல்லை, மாமா வீட்டுக் கதவோரத்துக் குரல். தமிழில்தான் கேட்டாள்.

"எங்கண்ணே போற?"

தெரியாமல் கேட்கிறவள் இல்லை அவள். திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றாள், கையில் ஏற்கெனவே ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. அப்பா கிளம்பிய காலையில் இப்படி எங்கே என்று கேட்டுத் திரும்பி வரவைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்து, பிளவக்கல் பஸ்ஸின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து செம்பை வாங்கிக்கொண்டேன். இதுவும் அவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது என்று நினைத்தபடி, மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தேன்.