இருபத்தேழாவது துண்டு

அந்த விமானத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதன் அழகு காரணமில்லை. அதை விற்றவர் வண்ணாரப்பேட்டையில் இருந்தார். ஏமாற்றிவிட்டால் நேரில் போய்க் கேட்கலாம் என்று நினைத்தேன்.

பதினாறு வருடமாகக் கண்டெய்னர் யார்டில் வேலை. பெட்டியின் சீலில் உள்ள எண் காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், திறந்த பிறகு உள்ளே இருப்பதை எண்ணுவதும் என் பொறுப்பு. சீல் உடையாத பெட்டியில் ஒரு மூட்டை குறைந்தால், ஏற்றியவனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, வேலையே பழக்கிவிட்டது. வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள்.

ஒரு மழை நாளில் யார்டில் வழுக்கி விழுந்து கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. திருவொற்றியூரில் நாங்கள் குடியிருப்பது மாடி போர்ஷன். படி இறங்க முடியாமல் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யார் யாரோ சின்னச் சின்ன விமானங்களை ஒட்டி, வர்ணம் பூசி, உள்ளங்கையில் வைத்துக் காட்டும் வீடியோக்கள் வந்தன. முகம் தெரியாது, கைகள் மட்டும்தான் தெரியும். பத்து நாள் அந்தக் கைகளைப் பார்த்தபின் எனக்கும் கை அரித்தது.

அப்படி மாடல் செய்கிறவர்களின் குழு ஒன்றில் போன் வழியாகச் சேர்ந்தேன். அதில்தான் இந்த விமானத்தின் படம் வந்தது. இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் பழைய பயிற்சி விமானம், நம் நாட்டிலேயே செய்தது. பெரிய கம்பெனிகள் எதுவும் இதன் மாடலைப் போடுவதில்லை. யாராவது தனி ஆள் வீட்டில் அச்சு செய்து, ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றி வார்த்தால்தான் உண்டு. விற்பவரின் பெயரிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பறவைப் படம். கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. எத்தனை துண்டு என்றேன். "27" என்று வந்தது. அளவாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண் உண்டு.

பார்சல் வந்தது. ஏற்கெனவே எதற்கோ பயன்பட்ட அட்டைப்பெட்டி. எப்படிச் செய்வது என்று சொல்லும் காகிதம் இல்லை. முடித்த விமானத்தின் ஒரு போட்டோ மட்டும் இருந்தது. துண்டுகள் பழைய தந்தத்தின் நிறத்தில், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கட்டை. ரெசினை ஊற்றிய வழி அது, ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டும் என்பது வீடியோவில் பார்த்தது. இடது இறக்கை வாழைப்பட்டை மாதிரி வளைந்திருந்தது. எண்ணினேன். இருபத்தாறு. திரும்ப எண்ணினேன். இருபத்தாறுதான்.

இறக்கையின் படத்தை எடுத்து அனுப்பினேன். "சுடுதண்ணி" என்று பதில் வந்தது. என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாஸ்க்கும் கையுறையும் சர்ஜிக்கல் பிளேடும் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு வெந்நீரும் வைத்தாள். இறக்கையை அதில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தபோது அது தோல் போலத் துவண்டது. கண்ணாடிப் பலகைமேல் வைத்து அழுத்தினேன். ஆறியதும் நேராக நின்றது. அதைப் பார்த்தாவது அந்த மனிதர்மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதை அனுப்பும்போதே தெரிந்திருக்கிறதே, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றுதான் தோன்றியது.

ரெசினைத் தேய்த்தால் வரும் தூள் மூச்சில் போகக்கூடாது. அதனால் வாட்டர் பேப்பரால் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்தேன். அந்தத் தண்ணீர் பால் போல வெள்ளையாக மாடிக்குழாய் வழியே கீழே போனது. கீழே குடியிருப்பவர் வீட்டுக்காரம்மா, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். சுற்றிலும் பேக்டரிகள் உள்ள எங்கள் பக்கத்தில், காற்றில் புது வாசனை வந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, எந்தப் பேக்டரி என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். வர்ணத்துக்கு முன் பூசும் பிரைமரை நான் அடித்த நாளில் அக்கா வாசனை பிடித்துக்கொண்டே படியேறி வந்துவிட்டார். மாஸ்க்கும் கையுறையுமாக, காலில் கட்டோடு, முன்னால் தேய்த்த தண்ணீர் காய்ந்து படிந்த வெள்ளைத் தூளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா பண்ற? ரெண்டு நாளா சாக்கடையில வெள்ளையா போய்க்கினு கீது. எதனா கலக்கிறியா?"

விமானம் என்றேன். இறக்கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். சாயங்காலம் என் மனைவியை வாசலில் நிறுத்தி, வேலைக்குப் போகாத ஆம்பளை கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்று விசாரித்திருக்கிறார். மனைவி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் போய்ச் சந்தேகிப்பதா என்று இரண்டு நாள் அக்காவிடம் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இறக்கைகளைப் பொருத்தி, சக்கரக் கால்களை வெட்டி எடுத்தபின்தான் எது குறைகிறது என்று புரிந்தது. மூக்கில் சுழலும் ப்ரொப்பெல்லர் இல்லை. மூக்கு மொட்டையாக நின்றது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன், அப்போதும் எடுக்கவில்லை. அரைமணி நேரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பொறுக்கவில்லை. குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்: இருபத்தேழு என்று சொல்லி இருபத்தாறு அனுப்பும் திருடன், போனையும் எடுப்பதில்லை, யாரும் இவனிடம் வாங்காதீர்கள். சிறிது நேரத்தில் ஒருவர், தானும் சொல்லி வைத்திருந்ததாகவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதி எனக்கு நன்றி சொன்னார். பெரிய காரியம் செய்த மாதிரி இருந்தது. விற்றவர் ஒரு வார்த்தையும் பதில் எழுதவில்லை. அதையும் குற்றத்துக்குச் சாட்சியாகவே வைத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த வாரம், மனைவியிடம் யார்டுக்குப் போய் லீவு காகிதம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. நான் அறுத்துப் போட்ட கட்டைகள், சீவல்கள் எல்லாம் அதில் இருந்தன. எதையும் தொலைக்கவில்லை என்று காட்ட வேண்டுமே.

பார்சலில் இருந்த முகவரி, துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு பல் லேப். பல் டாக்டர்கள் அனுப்பும் அளவை வைத்துப் பல்செட் செய்து கொடுக்கும் இடம். அலமாரி முழுக்கத் தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏப்ரனோடு நின்றிருந்தார். முழங்கை வரை வெள்ளை மாவு. விமானம் விற்கும் சாரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நான்தான்" என்றார்.

அதையும் நான் நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு செய்தித்தாளை விரித்து, பையைக் காட்டி, கொட்டச் சொன்னார்.

கொட்டினேன். விரலால் கிளறி, சக்கரக் கால்கள் இருந்த கட்டையை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கட்டையின் பின்பக்கம் மெல்லிய ரெசின் படலம் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நான் வார்ப்பின் கழிவு என்று நினைத்திருந்தேன். வெளிச்சம் பட்டதும் அதற்குள் விசிறிக்கு இருப்பது போல இரண்டு அலகுகள் நிழலாகத் தெரிந்தன. கட்டைவிரல் நகத்தால் படலத்தை உரித்தார். ப்ரொப்பெல்லர். ஓர் அலகின் நுனியில் பாதிவரை ஒரு வெட்டு, என் ரம்பம் போட்டது.

"இது இன்னா சார்?"

இரண்டு தடவை கூப்பிட்டேனே என்று மட்டும் சொன்னேன்.

"கை பூரா மாவு. பல் அளவுல மாவு ஊத்தினா அது இறுகற வரைக்கும் போன தொட முடியாது. அப்பால கூப்புடலாம்னு போன எடுத்தா நீங்க எழுதினது வந்து நிக்குது. திருடன்னு போட்டீங்க. நான் ஆம்பளயா பொம்பளயான்னு கூட உங்களுக்குத் தெரியாது."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அங்கேயே நின்று குழுவில் எழுதச் சொன்னார். தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது என்று எழுதி, போனைக் காட்டினேன். படித்தார்.

"யாரு தப்பா புரிஞ்சிக்கினாங்கன்னு எழுதுங்க."

அழித்துவிட்டு எழுதினேன். ப்ரொப்பெல்லர் வந்திருந்தது, தெரியாமல் நானே கழிவோடு போட்டுவிட்டேன், குற்றம் முழுக்க என்னுடையது. அவர் தலையசைத்தார். வேறு ப்ரொப்பெல்லர் கிடைக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பல்லுக்குப் போடும் மெல்லிய கம்பியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, அலகு உடைந்தால் உள்ளே இதை வைத்து ஒட்டும்படி சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். கொட்டியதையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

இதோடு என் புத்தி அடங்கியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் மெட்ரோ நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோது, செய்தித்தாளை விரிக்கும்போதே அவர் கைக்குள் அந்த ப்ரொப்பெல்லரை வைத்திருந்திருக்கலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. பையைத் திறந்து, அலகில் இருந்த வெட்டையும் கட்டையில் இருந்த வெட்டையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரே கோடு. என் ரம்பம் கோணலாக இழுக்கும், அந்தக் கோணல்கூட அப்படியே இருந்தது. வண்டி வந்ததும் ஏறாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்ப்பது போல இருந்தது.

விமானத்தை முடித்தேன். நன்றாக வரவில்லை. மேலே மூடும் கண்ணாடிக் கூண்டைச் சூப்பர் பசையால் ஒட்டியதில், பசையின் ஆவி உள்பக்கம் படிந்து கூண்டு வெளுத்துவிட்டது. உள்ளே நான் பொறுமையாகச் செய்த இருக்கைகள் யாருக்கும் தெரியாது. அலகு உடையத்தான் செய்தது. கம்பி வைத்து ஒட்டினேன். உற்றுப் பார்த்தால் தடம் தெரியும். கீழ்வீட்டு அக்காவிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கா அத்தனை நாற்றம் என்று கேட்டார்.

நாலு மாதம் கழித்து அந்தக் குழுவில் அவர் இன்னொரு விமானத்தின் படம் போட்டார். கீழே ஒரு விதியும் இருந்தது. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து துண்டுகளை எண்ணி முடிப்பது வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாமல் வரும் புகார் செல்லாது. யாரால் வந்த விதி என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று வேண்டும் என்று எழுதினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் "சரி" என்று வந்தது.

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கையில் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். இன்னாத்துக்கு இந்த வீடியோ, பொம்மை வாங்கினாலும் சாட்சி வேணுமா என்று கேட்டாள். அவளுக்கு அதுவரை நான் எதையும் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டைக்குப் போனதைக்கூடச் சொல்லவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் தள்ளி வைத்துவிட்டு, முதலில் நான் சொல்வதைக் கேள் என்று போனை நிறுத்தச் சொன்னேன்.