உறுதி பார்க்கப் போனவர்

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் கதையை எழுதும்படி பலர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாம் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இந்த ஊரில் முதல் டிஷ்ஷைத் தூக்கி மாடியில் நிறுத்தியது நான்தான். பட்டம் வாங்கியவன் எவனும் இல்லை.

இரும்புக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் வீடியோ டெக்குகள். மற்றொன்றில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கேமரா. பின்னால் ஆணி அடித்துத் தொங்கவிட்டது என் மனைவியின் நீலப் போர்வை. குளிர்காலம் முழுக்க அவள் என்னைத் திட்டினாள். ஆனால் அந்த நீலத்துக்கு முன்னால் உட்கார்ந்து எங்கள் வாத்தியாரம்மா செய்தி வாசித்தால், தலைநகரத்திலிருந்து வாசிக்கிற மாதிரியே இருக்கும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும், யார் வீட்டுப் பிள்ளை காணாமல் போயிற்று, யார் இறந்தார்கள், அடக்கம் எத்தனை மணிக்கு. இதுதான் எங்கள் செய்தி. உலகச் செய்தி வேண்டியவன் வேறு சேனலைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு புத்தகம் போதாது. அதனால் என் லைன்மேனைப் பற்றிச் சொல்கிறேன்.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டி வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஆள். ஒல்லி, நெட்டை. வேலை கேட்டு வந்தபோது, "உயரம்னா பயம் இல்லையே?" என்றேன்.

"ஏறும்போது இல்லீங்க அண்ணே. இறங்கினப்புறம்தான் நினைச்சுப் பார்ப்பேன்" என்றான்.

அப்போதே வைத்துக்கொண்டேன். ஆளை எடை போடுவதில் நான் இதுவரை தோற்றதில்லை. கேபிள் தோலை இடுக்கியால் உரிக்க மாட்டான், பல்லால்தான் உரிப்பான். அதில் முன்பல் ஒன்று தேய்ந்து, சிரித்தால் சின்னதாக ஒரு சந்து தெரியும். எங்கள் ஊர்க் கூரைகளுக்கு மேல் போன ஒவ்வொரு ஒயரும் அவன் கையால் போனது.

அந்த நாட்களில் ஒரு தவறு நடந்தது. ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் இறந்துவிட்டார் என்று ஒரு போன் வந்தது. பங்காளிச் சண்டையில் எவனோ செய்த வேலை. அவருடைய பிரிவு உபசார விழாப் படம் எங்களிடம் இருந்தது. அதையும் போட்டு, அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று வாசித்துவிட்டோம். நான்கு மணிக்கு மனிதர் சலவைச் சட்டையோடு எங்கள் மாடி ஏறி வந்தார்.

"வரச் சொல்லியிருந்தீங்களே, வந்துட்டேன். குழி எங்கே?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய வயதான தாயார் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு விழுந்தவர், அப்புறம் எழுந்து நடமாடவே இல்லை.

தவறு எந்த நிலையத்தில்தான் இல்லை? அதிலிருந்து ஒரு சட்டத்தை உண்டாக்கினது நான். எங்கள் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல், யாருடைய சாவும் எங்கள் திரையில் வராது. போன் வந்தாலும் சரி, டாக்டரே சொன்னாலும் சரி. அந்த வேலையை லைன்மேனிடம் கொடுத்தேன்.

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவான். செருப்பைக் கழற்றுவான். யாரையும் எதுவும் கேட்க மாட்டான். முகத்தைப் பார்ப்பான், ஓரமாக நிற்பான், பிறகு பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு போன் செய்வான். ஒரே வார்த்தை: "உறுதிங்க அண்ணே." அதற்கப்புறம்தான் வாத்தியாரம்மா வாசிப்பார். நாளடைவில் அவன் பெயரே உறுதி என்றாகிவிட்டது. அவன் மனைவிகூட, "எங்க வீட்டு உறுதி சாப்பிட வந்தாச்சா?" என்று நிலையத்துக்கு போன் போட்டுக் கேட்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். பக்கத்து ஊர் நூல் மில்லில் வேலை. அங்கேயே பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

ஒரு நாள் மதியம் அந்த மில்லில் பாய்லர் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர் போனில் நான்கு பெயர் சொன்னார். வாத்தியாரம்மா எழுதிக்கொண்டே வந்தவர், மூன்றாவது பெயரில் பேனாவை நிறுத்தினார். தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. உறுதி அதே அறையில், முதுகைக் காட்டியபடி ஒரு பெட்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான்.

மறைத்து என்ன பயன்? ஊரில் இன்னொரு கேபிள்காரன் இருந்தான். அவனுக்குச் சட்டமும் கிடையாது, சங்கடமும் கிடையாது. அவன் என்ன போடுகிறான் என்று பார்க்க நாங்கள் ஒரு டிவி வைத்திருந்தோம். அதில் கீழ்வரியாக நான்கு பெயரும் ஓடின. மூன்றாவதாக உறுதியின் மகள் பெயர், தகப்பன் பெயரோடும் தெருப் பெயரோடும்.

உறுதி நிமிர்ந்து பார்த்தான். அந்த வரி இன்னொரு முறை சுற்றி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

"நீ போகாதடா. நான் போறேன்" என்று வழிமறித்தேன்.

"நீங்க போனா அழுவீங்க அண்ணே. அழுத கண்ணுல யாரைப் பார்த்தாலும் அவ மாதிரிதான் தெரியும்."

"உனக்கு மட்டும் மனசு கல்லா?"

"இத்தனை வீட்டுக்குப் போயிருக்கேன். எல்லாம் யாரோ பெத்த புள்ளைங்கதான். என் புள்ளைன்னா மட்டும் ஆளை மாத்துவீங்களா?"

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். போனுக்கு முன்னால் நானும் வாத்தியாரம்மாவும் உட்கார்ந்திருந்தோம். கீழே இரும்புக்கடையில் கம்பி வெட்டுகிற சத்தம். போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன் வந்தது. "அண்ணே, கழுத்துல கிடக்கிற மில் கார்டு என் பொண்ணோடது. படுத்திருக்கிறது என் பொண்ணு இல்ல."

நான் கத்தியே விட்டேன். வாத்தியாரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று உறுதியின் மகளுக்கு விடுமுறையாம். கார்டைத் தொலைத்த ஒரு தோழி, கார்டு இல்லாமல் வாசலில் விட மாட்டார்கள் என்று இவளுடையதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனாளாம். ஹாஸ்டல் வாட்ச்மேன் சொன்னதாக உறுதி சொன்னான்.

"இப்பவே போடறேன் பாரு! அந்தப் பயல் மூக்கை அறுக்கிறேன்!" என்றேன். இதைப் படிக்கிறவனே, பொய் சொல்லாதே, என் இடத்தில் நீ இருந்தால் உனக்கும் அந்த ஆசை வந்திருக்கும். போட்டியாளன் சாகடித்த பெண்ணை நாங்கள் உயிரோடு கொண்டுவருகிறோம்! எந்த நிலையத்துக்கு அப்படி ஒரு செய்தி வாய்க்கும்?

"போடாதீங்க அண்ணே."

"ஏன்டா?"

"அவ இல்லைன்னா வேற யாருன்னு கேப்பாங்க. மில்லுக்குப் புள்ளையை அனுப்பின ஒவ்வொரு வீடும் பதறும். இந்தப் பொண்ணும் நம்ம ஊராம். அவங்க வீட்ல டிவியைப் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டாம். நான் முதல்ல போய்க்கறேன்."

"உன் பொண்டாட்டி அங்க உயிரை விட்டுட்டிருப்பாளேடா?"

"நீங்க போய் வாயால சொல்லுங்க அண்ணே" என்றான்.

என் வாழ்க்கையில் நான் யார் பேச்சையும் கேட்டவன் இல்லை. அன்று கேட்டேன்.

உறுதியின் வீட்டு முன்னால் தெருவே நின்றது. என் வண்டியைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. வாசலில் நின்றிருந்த அவன் மனைவி என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, கதவைத் திறம்மா."

"சொல்லாதீங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அந்த டிவிக்காரன் ஆயிரம் சொல்லட்டும், நான் நம்பலை. நீங்க சொல்லிடாதீங்க அண்ணே. நீங்க சொன்னா நிஜமாயிடும்."

"நல்ல சேதிம்மா! அங்க கிடக்கிறது நம்ம பொண்ணு இல்ல. அவரே பார்த்துட்டாரு."

தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறக்கவில்லை.

"அது நம்ம பொண்ணு இல்ல, சரி. நம்ம பொண்ணை யார் பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. விடுமுறை என்று யாரோ வாட்ச்மேன் சொன்னான். தோழியைத் தேடி உறுதியின் மகளும் மில் பக்கம் போயிருந்தால்? உள்ளே இன்னும் இடிபாடு அள்ளுகிறார்கள். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். இந்தக் கதவுக்கு வெளியே நின்று எந்த வாயால் "இருக்கிறாள்" என்பேன்?

"யாரும் பார்க்கலைம்மா" என்றேன்.

அதற்குத்தான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஆறுதல் சொன்ன அக்கம்பக்கத்தாரை எல்லாம் போகச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் உட்காரச் சொன்னாள். கார்டு கைமாறிய கதையைச் சொன்னேன். கூரைக்கும் தரைக்கும் நடுவில் தொங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் ஒரு துணியை மடித்தாள், உதறினாள், அதையே மறுபடியும் மடித்தாள்.

பக்கத்து வீட்டு போன் அடித்தது. வாத்தியாரம்மா. "பொண்ணைப் பார்த்துட்டாராம். ஆஸ்பத்திரி வாசல்ல, கூட்டத்துல நின்னு அழுதுட்டு இருந்தாளாம். அவங்கம்மா கேட்டா உறுதின்னு சொல்லச் சொன்னார்" என்றார்.

உறுதி மகளை நேரே வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. இறந்த பெண்ணின் வீடு அவளுக்குத்தான் தெரியும். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் அங்கே போனான். கதவைத் திறந்த தகப்பனுக்கு லைன்மேனைத் தெரியும். தோளில் கருவிப் பை வேறு. "எங்க வீட்ல படம் நல்லாத்தான் தெரியுதுங்க. பக்கத்து வீடா இருக்கும்" என்றாராம் அந்த மனிதர். உறுதி இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். அவரை உட்கார வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்த பிறகுதான் நிலையத்துக்கு மறுபடியும் போன் செய்தான். சரியான நான்கு பெயரையும் அன்று வாத்தியாரம்மா அதற்கப்புறம்தான் வாசித்தார். ஊருக்கே தெரிந்து ஆறிப்போன செய்தியை நாங்கள் கடைசியாகச் சொன்னோம். போட்டியாளன் சிரித்தான். சிரிக்கட்டும். ஊரில் எவன் வீட்டில் துக்கம் என்றாலும் இன்றைக்கும் எங்கள் சேனலைத்தான் திருப்புகிறார்கள்.

அவர்கள் வந்து இறங்கியபோது நான் வாசலில் இருந்தேன். மகள் இறங்கி நின்றாள். உள்ளே வரப் பயந்தாள். தாய் போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். நெற்றி, காது, கழுத்து எல்லாம் தடவினாள். நாங்கள் அழுகையை எதிர்பார்த்தோம்.

"நான்தாம்மா கார்டைக் கொடுத்தேன்" என்றாள் மகள்.

"தெரியும்" என்றாள் தாய். பிறகு கணவனைப் பார்த்து, "அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. அந்தாளு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டாரு. அந்தம்மா தனியா இருக்கு."

"தனியா விட்டுட்டா வந்தீங்க?" என்று ஒரு அதட்டல் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். "வண்டியில கொண்டு விடறேன்" என்று உறுதி பின்னாலேயே ஓடினான். அவள் நிற்கவில்லை. அவனும் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தான்.