அக்கா பேரில் இருபத்திரண்டு வருஷம்

அருப்புக்கோட்டையில் ‘அஞ்சுமாடி’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறு கேள்வி கேட்க மாட்டார். பொன்னரசி காம்ப்ளெக்ஸ் என்று அதற்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பலகை எப்போது உதிர்ந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆடிட்டர், வக்கீல், இன்சூரன்ஸ், நூல் கமிஷன் என்று முப்பது ஆபீஸ் அதில். லிஃப்ட் நின்றுபோன வருஷம் பிறந்த பிள்ளைகள் இப்போது காலேஜே முடித்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளுக்கும் கீழேயிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து, எச்சில் துப்பிய மூலைகளைத் தேய்த்துக் கழுவியவள் மாரிக்கனி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை ஐயா, இருபத்திரண்டு வருஷம்.

ஆனால் அங்கே அவளுக்குப் பேர் தங்கச்செல்வி.

தங்கச்செல்வி அவளுடைய அக்கா. முதலில் அந்த வேலைக்குச் சேர்ந்தவள் அக்காதான். மூன்றே மாதம் பார்த்தாள். அதற்குள் மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணம் முடிந்து போய்விட்டாள். கிடைத்த வேலையை யார் விடுவார்கள்? திருச்சுழிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த தங்கச்சியை அப்பன் மறுநாளே பஸ் ஏற்றி அனுப்பினான். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார். “பேரை மாத்தணும்னா மதுரையில இருக்க ஓனருக்கு எழுதணும். வேலை நடந்தாச் சரி. அவ பேருக்கு நேரா நீ கையெழுத்துப் போடு” என்றார். நம் பக்கத்தில் இதெல்லாம் ஒரு தப்பா? நூறு நாள் வேலைக்குக் கொழுந்தி அட்டையில் நாத்தனார் போகிற ஊர்தானே இது. மாரிக்கனியும் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் கையெழுத்தை எழுதிப் பழகினாள்.

மூன்று வருஷம் முன்பு கட்டடத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியது. இடிக்கப்போவதில்லையாம், எலும்பை வைத்துக்கொண்டு தோலை உரிக்கப்போகிறார்களாம். மேலே கம்ப்யூட்டர் கம்பெனிகள், கீழே ஊர் ஜனம் வந்து உட்கார முற்றம், பெஞ்சு, நடுவில் தண்ணீர் பீய்ச்சும் ஊற்று. குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் ஊற்று! சரி, அது போகட்டும். பழையபடி கூட்டிப் பெருக்கியவர்கள் நாலு பேரையும் திரும்ப எடுப்போம், மாதச் சம்பளம், யூனிஃபார்ம், வைத்தியச் செலவு எல்லாம் உண்டு என்று சொல்லி, பதிவேட்டை வாங்கிக்கொண்டு கட்டடத்தைப் பூட்டினார்கள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாரிக்கனி காலத்தைத் தள்ளினாள். புருஷன் முனீஸ்வரன் லோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவன். மகள் சத்யபிரியா விருதுநகரில் நர்ஸிங் இரண்டாம் வருஷம். மாரிக்கனி சீமைக்கருவேலம் வெட்டினாள், கரி மூட்டத்தில் நின்று இருமினாள். “அஞ்சுமாடி தெறந்துட்டா எல்லாம் சரியாயிரும்” என்று புருஷனிடம் தினமும் சொன்னாள்.

போன தையில் கம்பெனி ஆள் வந்து கூப்பிட்டது. முற்றத்தில் ஒரு தகர ஆபீசில் ஜெயக்குமார் என்ற தம்பி உட்கார்ந்திருந்தான். நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது.

“தங்கச்செல்வி யாரும்மா?”

“நாந்தான் சார்.”

“ஆதார்ல மாரிக்கனின்னு இருக்கே?”

மாரிக்கனி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். “இங்க ஆபீஸ் வச்சிருந்தவுக யாராச்சும் எழுதிக் குடுப்பாகளா?”

ஆடிட்டர் நல்லகண்ணுவின் வீட்டுக்கு ஓடினாள். பதினைந்து வருஷம் அவர் ரூமைக் கூட்டியிருக்கிறாள். அவரும் சந்தோஷமாகப் பேப்பரை எடுத்து, ‘தங்கச்செல்வி என்பவர் மிகவும் நேர்மையானவர்’ என்று எழுதத் தொடங்கினார்.

“என் பேரு மாரிக்கனிங்கய்யா.”

அவர் பேனாவை மூடினார். “இத்தனை வருசமா வேற பேர்லயா இருந்த? எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?”

மற்ற ஆபீஸ்காரர்களும் கையை விரித்தார்கள். மிச்சம் ஒரே வழி. அக்காவே வந்து, வேலை பார்த்தது தங்கச்சிதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாரிக்கனி மல்லாங்கிணற்றுக்குப் போனாள். தங்கச்செல்வி புருஷனைப் பறிகொடுத்து ஐந்து வருஷம். தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிறாள். “உனக்குச் செய்யாம வேற யாருக்குடி செய்யப் போறேன்” என்று கிளம்பி வந்தாள். பஸ்ஸில் தங்கச்சிக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

ஜெயக்குமார் தங்கச்செல்வியின் ஆதாரை வாங்கிப் பார்த்தான். விரலை மிஷினில் வைக்கச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. உடனே சென்னைக்குப் போன் போட்டுப் பேசினான். பேசி முடித்தபோது அவன் முகம் சரியில்லை.

“லிஸ்ட்ல உள்ள ஆளு வந்தா எடுத்துக்கச் சொல்றாங்க. வேற ஆளுன்னா, எழுதி அனுப்பலாம், ஆனா நடக்கும்னு சொல்ல முடியாது. நீங்க எழுதிக் குடுக்குறீங்களா, இல்ல நீங்களே சேர்ந்துக்கிறீங்களா?”

தகரக் கொட்டகையில் வெயில் தகித்தது. தங்கச்செல்வி முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். மாரிக்கனி அவள் கையைப் பிடித்தாள்.

“யக்கா, எழுதிக் குடு. யக்கா!”

“எழுதிக் குடுத்தாலும் உனக்குக் கெடைக்கும்னு இல்லையே மாரி” என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. “ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு…”

“இருவத்திரண்டு வருசம்க்கா! நீ மூணு மாசம்! நீயெல்லாம் கூடப் பெறந்தவளா?”

“எனக்கும் வவுறு இருக்குல்ல” என்றாள் தங்கச்செல்வி. சொல்லும்போதே அழுதாள். அழுதுகொண்டே வேலையில் சேரும் காகிதத்தில் கையெழுத்தும் போட்டாள். பாவி, அழாமலாவது போட்டிருக்கக் கூடாதா? மாரிக்கனி மண்ணை வாரித் தூற்றவில்லை. அவ்வளவு ஆங்காரம் வந்தது, தூற்றத் தெம்பில்லை. தனியாகப் பஸ் ஏறினாள்.

பங்குனியில் கட்டடம் திறந்தது. சத்யபிரியா படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குப் போகத் தொடங்கியது அதே மாதம்தான். அக்கா இரண்டு முறை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். மாரிக்கனி போகவில்லை.

சித்திரையில் ஒரு நாள், பெரியாஸ்பத்திரியில் புருஷனுக்கு மாத்திரை வாங்கிவிட்டு வந்தவளுக்கு வெயிலில் கண்ணைக் கட்டியது. அஞ்சுமாடி முற்றத்தில் நிழல் இருந்தது. ‘அனைவரும் வருக’ என்று பலகை வேறு. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கு பார்த்தாலும் கண்ணாடி. ஊற்று அன்று ஓடவில்லை. காலேஜ் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். படிக்குப் பக்கத்தில், பச்சை யூனிஃபார்மில், நீளத் துடைப்பானைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தை உள்பக்கமாகத் தள்ளுகிறாள், கூறு கெட்டவள். சரிவு வாசல் பக்கம் அல்லவா?

அக்காவும் பார்த்துவிட்டாள். துடைப்பான் நின்றது.

அப்போது மேல்மாடியிலிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தார்: “தங்கச்செல்வி!”

“இந்தா வாரேன் சார்!”

மாத்திரைப் பை கீழே விழ, எழுந்து நின்றவள் மாரிக்கனி. படி வரைக்கும் போய்விட்டாள். அக்கா நின்ற இடத்தில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

“உங்களை இல்லம்மா. நீங்க உக்காருங்க, இது பொது எடந்தான்.”